நம் வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?



சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் என்ன செய்கிறோம்? சுவரில் மாட்டுகிற படத்துக்கும் காலண்டருக்கும் கொடுக்கிற கவனத்தைச் சுவருக்குக் கொடுப்பதில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சுவரை நிமிர்ந்து பார்க்கிறோம். அப்போது கையில் பணமும் இருக்காது, நேரமும் இருக்காது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் முன்கூட்டியே சுவரைப் பற்றிப் பேசுவோம்.

பேசத் தூண்டியது ஒரு கடிதம். பேராவில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்திலேயே கொஞ்சம் படியுங்கள்:

"அக்கா, எங்கள் வீடு நான்காவது மாடியில். நாங்கள் சொந்தமாக வாங்கிய முதல் வீடு இதுதான். சுவரெல்லாம் வெள்ளை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல் இருக்கிறது என்கிறார் என் மாமியார். தோட்டத்து வீட்டில் இருந்ததுபோல் நீலமும் பச்சையும் கலந்த நிறம் அடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் அந்த நிறம் பிடிக்கும். ஆனால் என் வீட்டுக்காரர், 'வீட்டுக்கடன் கட்டவே சம்பளம் போதவில்லை, சாயம் ஒரு கேடா? அதுவும் தோட்டத்து நிறம் எதற்கு? தோட்டத்தை விட்டுத்தானே வந்தோம்!' என்று கோபப்படுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்."

சகோதரியே, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சாயத்தைப் பற்றியது. மற்றது சாயத்தைப் பற்றியது அல்ல. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன். மற்ற சகோதரிகளும் கூடவே வாருங்கள். லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கும், தாமானில் இருப்பவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

அது என்ன நிறம்?

நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக்கு நம்மிடம் நல்ல பெயர்கள் இருக்கின்றன. அடர்த்தியாக இருந்தால் மயில்கழுத்து. புடவைக் கடையில் ராமர் பச்சை என்று எடுத்துக் காட்டுவார்கள். அந்த நிறத்தில் ஒரு கரண்டி எடுத்து ஒரு வாளி வெள்ளையில் கலந்தால் எப்படியிருக்கும்? அதுதான் சுவருக்கு ஏற்ற இளம் நிறம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வானத்தின் ஓரத்தில் சிறிது நேரம் தெரியுமே, அந்த நிறம்.

நம் தோட்டத்து வீடுகளுக்கு இந்த நிறம் எப்படி வந்தது? சுண்ணாம்பு அடிக்கும்போது துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள். வெள்ளைச் சட்டையில் ஏறிய மஞ்சளை நீலம் மறைப்பதுபோல், சுண்ணாம்பின் மஞ்சளையும் அது மறைத்துவிடும். கை கொஞ்சம் தாராளமாகப் போனால் சுவரே நீலமாகிவிடும். அதில் மஞ்சள் மண்காவியும் சிறிது சேர்ந்தால் பச்சை தட்டும். எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டு நீலமும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அஞ்சடியில் நின்று பார்த்தால் எந்த வீட்டு அம்மாவின் கை தாராளம், எந்த வீட்டு அம்மாவின் கை சிக்கனம் என்று சொல்லிவிடலாம்!

ஒரு சின்ன எச்சரிக்கை. மஞ்சள் நிறம் வேண்டுமென்று சுண்ணாம்பில் சமையல் மஞ்சளைக் கலந்துவிடாதீர்கள். என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆரத்தித் தண்ணீர் போல் சிவந்துவிடும். பிறகு வெயிலில் வெளுத்தும் போகும்.

இது ஏழைகளின் சுவரில் மட்டும் இருந்த நிறமும் அல்ல. பினாங்கு ஜார்ஜ்டவுனில் லீத் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் சீனச் செல்வர் சியோங் ஃபாட் ட்ஸே கட்டிய மாளிகை இருக்கிறது. நீல மாளிகை என்றே அதைச் சொல்கிறார்கள். அதன் சுவர் நீலம், சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்த நீலம். பழுது பார்த்துப் புதுப்பித்ததற்காக 2000-ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் விருதும் பெற்றது. கோடீசுவரர் வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்பும் நீலமும்தான், நம் லயத்துச் சுவரிலும் சுண்ணாம்பும் நீலமும்தான். அவருடையது அவுரி, நம்முடையது சலவை நீலம். வித்தியாசம் அவ்வளவே!

கடையில் பார்ப்பது வேறு, சுவரில் பார்ப்பது வேறு

சாயக் கடையில் விரல் அகலத்துக்கு நிறம் அச்சடித்த அட்டையைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அட்டையில் மென்மையாகத் தெரிகிற நிறம் நான்கு சுவரிலும் ஏறி நின்றால் அடர்த்தியாகத் தெரியும். ஆகவே உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நீலப்பச்சை இன்னொரு வேலையும் செய்யும். வெளிச்சத்துக்குத் தகுந்தபடி அது மாறும். மஞ்சள் விளக்கின் கீழே பச்சையாகத் தெரியும். வெள்ளைக் குழல்விளக்கின் கீழே நீலமாகத் தெரியும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. சின்ன டின் ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக அடித்துவிடுங்கள். ஒரு சதுரம் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு சதுரம் இருட்டு மூலையில். ஈரத்தில் பார்க்காதீர்கள். நீர்ச்சாயம் காய்ந்ததும் பெரும்பாலும் சற்றுக் கறுக்கும். இரண்டு நாள் வைத்து, காலையிலும் மத்தியானத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பிறகு பெரிய டின் வாங்குங்கள். சின்ன டின்னுக்குப் போன காசு, பெரிய டின்னில் ஏமாறாமல் காப்பாற்றும்.

இந்த நிறம் அடித்தால் வீடு குளிர்ச்சியாகுமா என்று கேட்பார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி உண்டு. உள்சுவர் நிறம் மாறியதால் உடம்பில் வியர்வை நின்றுவிடாது. வெயில் படுகிற வெளிச்சுவருக்கும் கூரைக்கும் வெளிர் நிறம் அடித்தால்தான் சூடு குறையும். ஆனால் வெளிர் நிறச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒற்றை ஜன்னல் உள்ள சின்ன அறைக்கு அது பெரிய உதவி.

எதனோடு சேரும்? புடவைக்கு ரவிக்கை பார்ப்பதில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மயில்கழுத்துப் புடவைக்கு அரக்குக் கரையும் சரிகையும் எடுப்பாக இருப்பது ஏன்? நீலப்பச்சைக்கு நேர் எதிர் நிறம் செம்மஞ்சள். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அதனால்தான் இந்தச் சுவருக்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்கும். குங்குமமும் செவ்வந்தி மாலையும் சாமி படமும் எடுப்பாகத் தெரியும். சிவப்புச் சிமெண்டுத் தரைக்கும் மர நாற்காலிக்கும் இது பொருத்தம். மேல்தளமும் கதவு நிலையும் வெள்ளையாக இருக்கட்டும். ஜன்னல் திரை வெண்ணெய் நிறத்திலோ இளமஞ்சளிலோ இருக்கட்டும். திரையும் நீலம், மெத்தை விரிப்பும் நீலம், சுவரும் நீலம் என்றால் மீன் தொட்டிக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும்!

நான் பட்ட பாடு

சுவரைத் தயார் செய்வதுதான் பாதி வேலை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணமாகி நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீடு பழைய வீடு. சுவரில் வருடக் கணக்காக அடித்த சுண்ணாம்பு. நான் தையல் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் இரண்டு டின் நல்ல சாயம் வாங்கினேன். இதே நீலப்பச்சைதான். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. தூசி தட்டிவிட்டு அப்படியே அடித்தோம். அன்று மாலை அழகாகத்தான் இருந்தது. தீபாவளிக் காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நான் விரலால் தொட்டேன். பாம்புச் சட்டைபோல் ஒரு முழத்துக்கு உரிந்து கையோடு வந்துவிட்டது! விருந்தாளிகள் வரும் நேரம். என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் ஒரு புதுப் புடவையை எடுத்து அந்த இடத்தில் திரைபோல் மாட்டினார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஏன் உரிந்தது? பழைய சுண்ணாம்பு மாவாக நிற்கும். அதன்மேல் அடித்த சாயம் சுவரைப் பிடிப்பதில்லை, மாவைப் பிடிக்கிறது. மாவு உதிர்ந்தால் சாயமும் உதிர்கிறது. அதோடு அந்தச் சுவரில் ஈரமும் இருந்தது. வெளியே வர வழியில்லாத ஈரம் சாயத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஆகவே சாயம் வாங்குவதற்கு முன்னால் சுவரை இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சீலர் எனப்படும் அடிச்சாயம் ஒரு தடவை. அதற்குமேல்தான் நிறச்சாயம்.

ஒட்டும் நாடாவைச் சுவரில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பழைய சாயம் நாடாவோடு வந்தால், அது நிற்காது. சுரண்டத்தான் வேண்டும்.

சுவர் ஈரமாக இருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரை ஒழுக்கா? குழாய் கசிவா? அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறையா? அதைச் சரிசெய்யாமல் எத்தனை சாயம் அடித்தாலும் வீண். தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கு என்று 1966-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. ஒழுகும் கூரையை ஆபீசில் சொல்லிச் சரிசெய்யக் கேட்பதில் தவறில்லை. கேட்ட தேதியை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடித்திருந்தால், துணி வெளுக்கும் குளோரின் நீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து துடையுங்கள். கால் மணி நேரம் விட்டுக் கழுவி, காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நீரோடு வேறு எந்தக் கழுவும் மருந்தையும் கலக்கவே கூடாது. விஷப்புகை வரும்.

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் குறைந்தது நான்கு வாரம் பொறுங்கள். சிமெண்டின் காரம் அடங்காமல் அடித்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

பழைய வீட்டின் கதவு, ஜன்னல் சட்டம், மரச்சுவர் ஆகியவற்றில் அந்தக் காலத்து எண்ணெய்ச் சாயம் இருக்கலாம். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லையில்லை. மணல்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், நெருப்புக் காட்டி உரிக்கும்போதும்தான் ஆபத்து. அந்தத் தூள் காற்றில் பறந்து தரையில் படியும். தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. வயிற்றில் இருக்கும் சிசுவையும் அது விடாது.

ஆகவே பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். தரையில் பழைய பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டிப் போடுங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வேலை செய்தவர் குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதைச் சுரண்டவும் வேண்டாம், துளையிடவும் வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

இனி வாங்கும்போது ஈயம் கலக்காத சாயம் என்று டின்னில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எத்தனை டின் வேண்டும்?

கடைக்காரரைக் கேட்டால் ஒரு டின் கூடுதலாகவே சொல்வார். நாமே கணக்குப் போடலாம், வாருங்கள்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரின் நீளத்தையும் கூட்டினால் 44 அடி. அதை 9 அடி உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 சதுர அடி கழித்தால் மிச்சம் 359. நல்ல நீர்ச்சாயம் ஒரு லிட்டர், ஒரு தடவை அடிக்க ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும். ஆக, ஒரு தடவைக்கு 3.6 லிட்டர். இரண்டு தடவைக்கு 7.2 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் மூன்றும் வாங்கினால் போதும். மிஞ்சுவதைப் பிறகு கறை விழுந்த இடத்தில் தொட்டு அடிக்க வைத்துக்கொள்ளலாம். டின்களைத் தனித்தனியாகத் திறந்து அடிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டால், சுவருக்குச் சுவர் நிறம் வித்தியாசப்படாது.

கையில் பணம் குறைவா? கூடத்தை மட்டும் அடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற ஒரு சுவரை மட்டும் அடியுங்கள். மற்ற மூன்றும் சுத்தமான வெள்ளையாக இருக்கட்டும். சில கடைகளில் யாரோ கலக்கச் சொல்லி வாங்காமல் விட்டுப்போன டின்கள் மலிவு விலைக்குக் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள். வெட்கம் என்ன? சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் மட்டும் கழுவக்கூடிய மினுமினுப்புச் சாயம் அடியுங்கள். தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு துடைத்தால் போய்விடும்.

அடிக்கும் முறை

நாளைப் பாருங்கள். பஞ்சாங்கத்து நாளைச் சொல்லவில்லை, மழையில்லாத நாளைச் சொல்கிறேன்! தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். நம் மேற்குக் கரையில் அது மாலை மழைக் காலம். கிழக்குக் கரையில் பருவமழை தொடங்கும் காலம். காற்றில் ஈரம் இருந்தால் சாயம் காயத் தாமதமாகும். முடிந்தால் ஜூன், ஜூலையில் அடித்துவிடுங்கள். முடியாவிட்டால் காலையில் சீக்கிரமே தொடங்கி, மழை இறங்குவதற்குள் முடியுங்கள்.

முதலில் மேல்தளம், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். மேலிருந்து கீழே வந்தால் சொட்டு விழுந்தாலும் கவலையில்லை. ஓரங்களையும் மூலைகளையும் பிரஷ்ஷால் அடித்துவிட்டு, நடுவில் ரோலர் உருட்டுங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்தக் கோடு காய்ந்த பிறகும் தெரியும். தடிப்பாக ஒரு தடவை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு தடவை அடிப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். தண்ணீர் கலப்பதையும் டின் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள். சாயம் பெருகட்டும் என்று தண்ணீரை ஊற்றினால், பெருகுவது தண்ணீர்தான்.

ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறுகிற வித்தை நமக்கு வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வீட்டுக்கு உள்ளே விருப்பம்போல் அடிக்கலாம். வெளிப்பக்கச் சுவர் எல்லாருக்கும் பொது. நிர்வாகத்தைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்

கடிதம் எழுதிய சகோதரியே, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மத்தியானம் திரும்பி, அதற்குமேல் வீட்டு வேலை. வருடத்துக்கு ஒரு தடவை அந்தச் சுவரை அவர்தான் அடிப்பார். சுண்ணாம்பு பட்டுக் கை வெடித்திருக்கும். நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேறினோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள். லாரி வந்து நின்ற காலையில் அம்மா வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சுவரில் ஒட்டடை அடித்துவிட்டுத்தான் ஏறினார். "இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கம்மா?" என்று கேட்டேன். "நாம இருந்த வீடு. அழுக்கா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். அந்தச் சுவர் அவருடையது அல்ல. கம்பெனியுடையது. ஆனால் அந்த நிறம் அவருடையது.

உங்கள் மாமியார் கேட்பது அந்த நிறத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்காவது மாடியில் அவருக்கு அஞ்சடி இல்லை, முருங்கை மரம் இல்லை, வாசலில் நின்று பேச ஆளில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறார்.

உங்கள் வீட்டுக்காரர் மீதும் எனக்குக் கோபமில்லை. தோட்டத்தில் பிறந்தவன் என்று பட்டணத்தில் யாராவது ஏளனமாகச் சொல்லியிருக்கலாம். கடனும் அவர் தலையில்தான் இருக்கிறது. அந்த மனிதரிடம் போய், "அம்மாவுக்காக விட்டுக்கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். தாய்க்கு எதிராக அவரை நிறுத்தியதுபோல் ஆகிவிடும். இப்படிச் செய்யுங்கள். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு அவர் கையில் கொடுங்கள். கூடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு பணம், எத்தனை மாதத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று அவரே பார்க்கட்டும். பணம் தெரியாமல் இருக்கும்போதுதான் பயம் பெரிதாக இருக்கும்.

சின்ன டின் மட்டும் இப்போது வாங்குங்கள். இரண்டு சதுரம் அடியுங்கள். எது என்று உங்கள் மாமியார் சொல்லட்டும். ரோலரை உங்கள் வீட்டுக்காரர் பிடிக்கட்டும். பெரிய டின் வாங்க முடியாவிட்டால், சாமி மாடம் இருக்கும் ஒரு சுவரை மட்டும் அடித்து முடித்துவிடுங்கள். அந்தச் சுவருக்கு முன்னால் விளக்கேற்றும்போது உங்கள் மாமியாருக்கு அது போதும் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டத்து நிறம் எதற்கு என்று அவர் மறுபடியும் கேட்டால், ஒன்று சொல்லுங்கள். தோட்டத்தில் அந்த நிறத்தை வேறொருவர் சுவரில் அடித்தோம். இப்போது நம் சுவரில் அடிக்கிறோம். அதற்குமேல் வாதம் வேண்டாம். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே பிரஷ் வாங்கி வரக்கூடும். ஆண்களின் குணம் உங்களுக்குத் தெரியாததா!

எப்படி முடிந்தது என்று எழுதுங்கள். மற்ற சகோதரிகளும் உங்கள் தோட்டத்தில் சுவருக்கு என்ன நிறம் அடித்தீர்கள், அந்த நிறத்தை எப்படிக் கலந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் அம்மாமார், பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அடுத்த முறை, பழைய புடவையில் ஜன்னல் திரை தைப்பது பற்றிச் சொல்கிறேன். கத்தரியை எடுத்துத் தயாராக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்காள்